செத்தவீட்டு அடுப்பு

அப்பாவின் உடலில் மாட்டிய சட்டைக்கு மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது எஞ்சின் சத்தம் மாறியது. நிறஞ்சலாவின் விரல்கள் பொத்தானிலேயே நின்றுவிட்டன. ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்த எஞ்சின் இரண்டு தடவை இருமியது, இழுத்தது, பிறகு நின்றே போனது. தலைக்கு மேலே ஓடிய ஃபானும் மெல்ல ஓய்ந்தது.

ஹோலில் இருந்த பெண்களுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. புயலடித்த நாளிலிருந்து பின்வளவில் இரவு பகலாகக் கத்திக்கொண்டிருந்த சனியன் ஒருவழியாக வாயை மூடிவிட்டது என்றாள் ஒருத்தி. செத்தவீடு என்றால் இப்படித்தான் அமைதியாக இருக்க வேண்டும் என்று மற்றவள் ஒத்துப்பாடினாள். கதவோரத்துப் பாயில் இருந்த பாத்தும்மா மட்டும் வாய் திறக்கவில்லை. முக்காட்டு நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் அப்படி இருக்கிறார் என்று நிறஞ்சலாவுக்குத் தெரியும்.

பாத்தும்மாவின் வீடு அடுத்த ஒழுங்கையில். அவருடைய கணவர் முஹைதீன் நானா அங்கே மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார். கொரோனா வந்து போன வருடத்தில் கெட்டுப்போன நுரையீரல், அதன் பிறகு தேறவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்சிசன் மெசின் ஒன்று இரைந்துகொண்டே இருக்கும். அது கரண்டில்தான் ஓடும். கரண்ட் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னச் சிலிண்டர் ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பகுதியைப் புயலடித்த இரவே முடித்துவிட்டார்கள்.

அரசாங்கக் கரண்ட் புயலோடு போனதுதான். தூண்கள் வயலுக்குள் விழுந்து கிடந்தன. ஆஸ்பத்திரி இருக்கிற முருங்கனுக்குப் போகிற றோட்டில் பாலத்தைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அப்போது ஊரில் கரண்ட் இருந்த ஒரே இடம் நிறஞ்சலாவின் அப்பா சிங்கராசாவின் அரிசி மில். மில்லுக்குப் பின்னால் கொட்டிலில் ஆளுயரத்துக்கு மேல் ஓர் இரும்பு உருளை நிற்கும். மேல்மூடியைத் திறந்து நெல் உமியைக் கொட்ட வேண்டும். உள்ளே காற்றை அளவாக விட்டால் உமி சுவாலை விட்டு எரியாமல் கனன்று கனன்று காஸாக வரும். அந்தக் காஸைத் தண்ணீரில் கழுவி எஞ்சினுக்குக் கொடுத்தால், எஞ்சின் சுற்றிக் கரண்ட் தரும். டீசலும் வேண்டாம், சோலார்போல மழைக்கால முகிலைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். பொருத்த வந்தவர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார்கள். சிங்கராசா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அது அடுப்பு. ஊரும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டது.

புயலுக்கு மறுநாள் அவரே மரத்துக்கு மரம் வயர் கட்டி இழுத்தார். பக்கத்து வீடுகளுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, முஹைதீன் வீட்டுக்கு ஒன்று. நெஞ்சு வருத்தக்காரன் ஏணியில் ஏறாதே என்று டொக்டர் சொன்னது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இன்று விடியும்வரை உமி போட்டுவிட்டு, ஓலைக் கடகத்தை மகளிடம் கொடுத்து, கொஞ்சம் சரிந்துவிட்டு வாறன் என்று உள்ளே போனார். தேத்தண்ணி கொண்டுபோனபோது உயிர் இல்லை. பாலம் இல்லாததால் உடலைக் கொண்டுபோய்க் கெடாமல் மருந்தேற்றவும் வழியில்லை. அதனால் இன்று பின்னேரமே அடக்கம் என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார். காலையிலிருந்து நிறஞ்சலா கொட்டிலுக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். உருளையை நிரப்பி வைத்துவிட்டு, சட்டை மாட்டுவதற்கு மட்டும் உள்ளே வந்தவள். மேலும் அரை மணித்தியாலம் ஓடக்கூடிய உமி உள்ளே இருந்தது. பின்னே எப்படி நின்றது?

மிச்சப் பொத்தான்களைப் போடாமலே எழுந்தாள். எங்கே போகிறாய் என்று யாரோ கேட்டபோது அவள் வாசலைத் தாண்டிவிட்டிருந்தாள்.

கொட்டிலுக்குள் ஆவியும் கரி நாற்றமும் மூக்கை அடைத்தன. தம்பி மில்ரன் உருளைக்குப் பக்கத்தில் வெறும் வாளியோடு நின்றான். கொழும்பில் பாங்கில் வேலை. புயலுக்கு முதல்நாள் லீவில் வந்து மாட்டிக்கொண்டவன். கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன.

"என்னடா செய்தனீ?"

"மாமிதான் சொன்னவ அக்கா. செத்தவீட்டில அடுப்பு எரியக் கூடாதாம். உருளைக்குள்ள தண்ணி ஊத்தினன். எஞ்சினும் நிண்டுட்டுது."

எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்டாள். அவன் உருளையைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், அணையும்வரை என்றான்.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. உடல் வீட்டில் கிடக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. தேத்தண்ணியும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வர வேண்டும். சவப்பெட்டி வெளிக்கிட்ட பிறகுதான் குசினிக்குள் நெருப்பு. அவளே காலையில் குசினி அடுப்பை அவித்து, சாம்பலை அள்ளிக் கொட்டி, கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தாள். பின்வளவில் எரிவதும் அந்தக் கணக்கில் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. றோசம்மா மாமிக்குத் தோன்றிவிட்டது. தன் தம்பி இருபது வருடமாக வாய்நிறைய அடுப்பு, அடுப்பு என்று சொன்னது அடுப்பில்லாமல் வேறென்ன?

"முஹைதீன் நானான்ர மெசின் இதிலதானேடா ஓடுது" என்றாள்.

மில்ரனின் கையிலிருந்து வாளி விழுந்தது. அவன் அதை நினைக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஓடு, போய் அந்தச் சிலிண்டரில் முள் எங்கே நிற்கிறதென்று பார்த்துக்கொண்டு வா என்று அவனை விரட்டினாள். பிறகு உடுப்பு மாற்றவும் நேரமில்லாமல், கறுப்புச் சாறியை இடுப்பில் செருகிக்கொண்டு, உருளையின் அடிக் கதவைத் திறந்தாள். நனைந்த கரி சேறாகச் சரிந்து காலில் கொட்டியது. சில துண்டுகள் இன்னும் சுட்டன. மண்வெட்டியால் இழுத்துப் பார்த்தாள். மூலைக்குள் மண்வெட்டி போகவில்லை என்று தெரிந்ததும் கையை விட்டே வழித்தாள்.

றோசம்மா மாமி அப்போதுதான் வந்தார். அப்பாவின் மூத்த அக்கா. எழுபது தாண்டிய கட்டை. ஊரில் யார் செத்தாலும் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்வது அவர்தான். பெரிய குரலில் கத்துகிற பழக்கம் இல்லை. அதனால்தான் அவர் பேச்சுக்குப் பயம் அதிகம்.

"உன்ர அப்பன் அங்க கிடக்கிறான். நீ இஞ்ச நெருப்பு மூட்டப்போறியோ?"

"ஓம் மாமி. மூட்டத்தான் போறன். மூட்டாட்டி இண்டைக்கு ரெண்டு செத்தவீடு."

முஹைதீனைத்தான் சொல்கிறாள் என்று மாமிக்கு விளங்கியது. அந்த மனிதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் என்ன என்றார். எந்தப் பாலத்தால் என்று கேட்டாள் நிறஞ்சலா. தோணியில் ஏற்றினால்? மெசினைத் தோணியில் எதில் கொழுவுவது? பிறகு மாமி, அந்தப் பாத்தும்மா காலையிலிருந்து எங்களோடு பாயில்தான் இருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அவ்வளவு அவசரமென்றால் சொல்லியிருப்பாளே என்றார்.

நிறஞ்சலா நிமிர்ந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம் முழுக்க அந்த நேரத்தில்தான் வந்தது.

"எப்பிடிச் சொல்லுவா? உங்கட அப்பா கிடக்கட்டும், எனக்குக் கரண்டைப் போடுங்கோ எண்டு செத்தவீட்டில வந்து கேப்பாவோ? நீங்களெண்டால் கேப்பீங்களோ மாமி?"

மாமி சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பிப் போனார். போகும்போது, தம்பியின் ஆத்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லப்போகிறேனோ என்று சொல்லிக்கொண்டு போனார்.

நனைந்ததெல்லாம் வெளியே வந்த பிறகு கந்தல் துணியால் உருளையின் உட்பக்கத்தைத் துடைத்தாள். இனி அடியில் கரி போட வேண்டும். காய்ந்த கரி. கொட்டிலில் இருந்த மூட்டை புயல் மழையில் ஊறிக் கிடந்தது. எங்கே போவது? குசினிப் பரணில் காய்ந்த பனங்கொட்டையும் சிரட்டையும் கிடந்தது நினைவு வந்தது. சாத்தி வைத்த குசினிக் கதவைத் திறந்துகொண்டு போய், அள்ளிக்கொண்டு வந்தாள். ஹோலில் இருந்த பெண்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். அப்பன் செத்த கவலையில் பிள்ளைக்கு மூளை பிரண்டுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

மில்ரன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"முள்ளு சிவப்புக்குள்ள போட்டுது அக்கா."

"அவர்?"

"இருக்கிறார். கதைக்கேல்லை. இன்ஷிரா விசிறிக்கொண்டிருக்கிறா."

இன்ஷிரா அவர்களுடைய மகள். ஐந்து மாதக் கர்ப்பிணி. விசிறி என்ன செய்யும், பாவம். நிறஞ்சலா நெருப்புப்பெட்டியை எடுத்தாள். நெருப்புக்குச்சி இரண்டு உடைந்தது. மூன்றாவதைத் தம்பிதான் வாங்கிக் கொளுத்தினான். பழந்துணியில் மண்ணெண்ணெய் நனைத்து உள்ளே விட்டு, பற்றரியில் ஓடும் சின்ன ஊதியைப் போட்டார்கள். பனங்கொட்டை முதலில் புகைந்தது. பிறகு சடசடவென்று பற்றியது. அது தணலாகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் உமியைக் கொட்டினால் நெருப்பு மூச்சடைத்துச் செத்துப்போகும். காத்திருப்பது என்றால் சும்மா நிற்பதுதான். அதைவிடக் கரியை அள்ளுவது லேசாக இருந்தது.

வீட்டுக்குள் பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். அருள் நிறைந்த மரியே என்று ஒரு பக்கம் தொடங்க, மறுபக்கம் முடித்தது. நிறஞ்சலாவும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பாதியில் சொற்கள் தொலைந்துபோயின. தாயே, அவரை இழுத்துக்கொள்ளாதே, இன்றைக்கு ஒருத்தர் போதும் என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. அப்பாவுக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று அப்போது உறைத்தது. அழுகை இன்னும் வரவில்லை. காலையிலிருந்தே வரவில்லை. எல்லோரும் அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் அவளுக்குத் தெரியும்.

தணல் வந்ததும் முதற்கடகம் உமியைக் கொட்டினாள். பக்கக் குழாயால் வெள்ளைப் புகை கக்கியது. காஸ் சரியாக வருகிறதா என்று பார்க்க மில்ரன் அதில் நெருப்பைக் காட்டினான். பிடிக்கவில்லை. இன்னொரு கடகம். புகை மஞ்சளாகத் தடித்தது. நெருப்புக் காட்டினால் பக்கென்று பிடித்தது, உடனே அணைந்தது. உமி ஈரம். சாக்குக்கு அடியில் இருந்த காய்ந்த உமி முக்கால்வாசியையும் அப்பா இந்த நாட்களில் முடித்துவிட்டார். மிஞ்சியதில் ஈரத்தைக் கையால் பார்த்துப் பார்த்து ஒதுக்கி, காய்ந்ததை மட்டும் எடுத்துப் போட்டாள். மூன்றாம் தடவை நெருப்புக் குழாய் வாயிலேயே நின்றது. அணையவில்லை. சற்றுப் பார்த்தார்கள், அப்போதும் அணையவில்லை.

"போடடா எஞ்சினை."

எஞ்சின் இழுத்தது, தும்மியது, பிடித்துக்கொண்டது. கொட்டில் பல்ப் மங்கலாக எரிந்து மெல்ல வெளிச்சமானது. மில்ரன் சொல்லாமலே அடுத்த ஒழுங்கைக்கு ஓடினான். அவன் திரும்பி வந்து, மெசின் ஓடுகிறது, நானா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார் என்று சொல்லும்வரை அவள் உமிக் குவியலில் சாய்ந்துகொண்டு நின்றாள். சந்தோஷமாக இருந்தது. அப்பா செத்த நாளில் சந்தோஷப்படுகிறாளே என்று தன்மேலேயே வெட்கமாகவும் இருந்தது.

அதன் பிறகு பின்னேரம்வரை ஏதோ ஓடியது. மேசன் வேலைக்கு வைத்திருந்த பலகையில் பெட்டி செய்து கொண்டுவந்தார்கள். வார்னிஷ் அடிக்க ஏது நேரம். வெறும் பலகைதான். நிறஞ்சலா இடையிடையே போய் அப்பாவின் பக்கத்தில் இருந்தாள். அவர் கையில் சுற்றியிருந்த செபமாலையைச் சரிப்படுத்தினாள். காது மட்டும் கொட்டிலில் இருந்தது. சத்தம் கொஞ்சம் தணிந்தாலும் எழுந்து ஓடினாள். றோசம்மா மாமி அவளோடு கதைக்கவில்லை. ஆனால் மறிக்கவும் இல்லை.

துக்கமணி அடித்தபோது மில்ரன் வந்து, கோயிலுக்கும் வயரைக் கொடு அக்கா என்றான். அவள் தயங்கினாள். இந்த உமி எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று அவளுக்கே தெரியாது. காலையிலிருந்து மற்ற வீடுகளையெல்லாம் நிறுத்தித்தான் வைத்திருந்தாள்.

"அப்பான்ர பூசைக்கு மைக்கும் இல்லாமலோ?" என்றான் அவன். அந்தக் கோயிலுக்கு வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்த மனிதன், அவருக்கே இல்லை என்றால் எப்படி? நிறஞ்சலாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கோயில் சுவிச்சைத் தட்டினாள். எஞ்சின் ஒருமுறை முனகிவிட்டுச் சமாளித்துக்கொண்டது.

ஆனால் பூசை முடியும்வரை உமி போட ஆள் வேண்டுமே. ஆண்கள் எல்லோரும் பெட்டியோடு போகிறவர்கள். பெண்கள் யாரும் அந்தக் கொட்டிலுக்குள் வர மாட்டார்கள், றோசம்மா மாமி பார்த்துக்கொண்டிருக்கும்போது வரவே மாட்டார்கள். அவள் கடகத்தோடு யோசித்துக்கொண்டு நிற்க, பாத்தும்மா கொட்டில் வாசலில் வந்து நின்றார். மத்தியானம் வீட்டுக்குப் போனவர் திரும்பி வந்திருக்கிறார்.

"நான் நிக்கிறன் மகள். நீங்க உங்கட வாப்பாவோட போங்க" என்றார். அவர் கண்கள் அவளைப் பார்க்கவில்லை, உருளையைப் பார்த்தன. "காலையில நான் சொல்லியிருக்கோணும். வாய் வரல்ல."

நிறஞ்சலா வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். எந்தக் குவியலில் அள்ள வேண்டும், மூடியை எப்படித் திறக்க வேண்டும், திறக்கும்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், கம்பியால் எவ்வளவு குத்திவிட வேண்டும். பலகையில் இருந்த சுவிச்சுகளையும் காட்டினாள். இது வீடுகளுக்கு, இது கோயிலுக்கு, இது உங்களுக்கு அன்ரி. பாத்தும்மா ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிப் பார்த்தார். உடம்பு முழுக்கப் பயம், ஆனாலும் கடகத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.

கோயில் நிறையச் சனம். புயலிலிருந்து கரண்ட் கொடுத்த மனிதன் என்று பாலத்துக்கு இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்திருந்தார்கள். சுவாமியும் முழங்கால்வரை நனைந்த லோங்ஸுக்கு மேலேதான் பூசை உடுப்பைப் போட்டிருந்தார். பெட்டி பலிபீடத்துக்கு முன்னால் இருந்தது. நிறஞ்சலா முதல் வரிசை வாங்கில், மாமிக்குப் பக்கத்தில். சுவாமி சொன்ன ஒரு வார்த்தையும் அவள் மண்டைக்குள் போகவில்லை. மைக்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மைக் பேசும்வரை கரண்ட் இருக்கிறது, கரண்ட் இருக்கும்வரை அங்கே மெசின் ஓடுகிறது. சுவாமி மூச்செடுக்க நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மீண்டும் குரல் ஒலிபெருக்கியில் வந்தபோது விட்டாள்.

சுவாமி பிரசங்கத்தில் அப்பாவின் பெயரைச் சொன்னார். சிங்கராசா என்கிற இந்த மனிதன் என்று தொடங்கினார். அதோடு மைக் செத்தது. பலிபீடத்து விளக்கும் அணைந்தது.

சனம் சலசலத்தது. சுவாமி மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, சொந்தக் குரலில் தொடர்ந்தார். பின் வரிசை வாங்குகளில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. நிறஞ்சலாவுக்கும் கேட்கவில்லை. அவள் எழுந்துவிட்டிருந்தாள். மாமி அவள் முழங்கையைப் பிடித்தார். பூசை நடக்கும்போது, அதுவும் பெட்டி முன்னால் இருக்கும்போது, பிள்ளை எழும்பிப் போவதா? அவள் கையை உதறவில்லை. மாமியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். பெட்டியைத் தாண்டி, சனத்தைத் தாண்டி, வாசலுக்கு வந்ததும் ஓடத் தொடங்கினாள்.

செருப்பு சேற்றில் புதைந்தது, விட்டுவிட்டு ஓடினாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. நின்றுவிட்டதா, காற்றா? முஹைதீன் நானாவின் வாய் மீனைப்போலத் திறந்து திறந்து மூடுவது கண்ணுக்குள் வந்தது. மைக் வேண்டும் என்று தம்பி கேட்டபோது மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு பாட்டுக்கும் ஒரு பிரசங்கத்துக்கும் ஆசைப்பட்டு ஒரு மனிதனைக் கொன்றுவிட்டோமா? மில்லின் மதில் தெரிந்தபோதுதான் சத்தம் காதில் விழுந்தது. மெலிவாக, இழுத்து இழுத்து, ஆனால் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பாத்தும்மா சுவிச்சுப் பலகைக்கு முன்னால் நின்றார். முக்காடு நழுவி, நரைத்த தலைமயிரெல்லாம் உமித்தூள். வலது கை இன்னும் பலகையிலேயே இருந்தது. நிறஞ்சலாவைக் கண்டதும் அவர் முகம் அழுகையில் கோணியது.

"பல்ப் மங்கிட்டுது மகள். இன்ஷிரா மெசின் கத்துது கத்துது எண்டு ஒழுங்கைக்கு வந்து நிண்டு கூப்பிட்டாள். உமி போட்டன், குத்தினன், கேக்கல்ல. கோயில் சுவிச்ச நான்தான் அடிச்சனான். உங்கட வாப்பாட மைக்க நான்தான் நிப்பாட்டினன்."

"இப்ப மெசின் ஓடுதோ?"

"ஓடுது."

"அவர்?"

"மூச்சு வருது, அல்ஹம்துலில்லாஹ்."

நிறஞ்சலா அப்படியே உமிக்குள் இருந்துவிட்டாள். அழுகை வந்தது. காலையிலிருந்து எங்கே போயிருந்ததோ தெரியவில்லை, இப்போது குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அப்பா, அப்பா என்று சத்தமாகவே அழுதாள். பாத்தும்மா அதைத் தன்மேல் வந்த கோபம் என்று நினைத்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பக்கத்தில் குந்தி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நீண்ட நேரம் அழ முடியவில்லை. தலைக்கு மேலே பல்ப் மறுபடி மங்கியது.

நிறஞ்சலா எழுந்து மூடியைத் திறந்தாள். நெருப்பு ஒரு பக்கமாக இறங்கி, மறுபக்கம் ஈர உமி கட்டியாக நின்றது. கம்பியைப் போட்டு உடைத்தாள். காய்ந்த உமியைக் கையால் தடவித் தடவிப் பொறுக்கிப் போட்டாள். எஞ்சின் கொஞ்சம் தெளிந்தது. இனி இதை விட்டுப் போக முடியாது என்று அவளுக்கு விளங்கியது. அடிக்கடி கையைவிட்டுப் பார்த்துப் போட வேண்டிய உமி இது. ஒருமுறை நின்றால் இன்றைக்கு மூட்ட இனிப் பனங்கொட்டையும் இல்லை.

கோயிலிலிருந்து பாட்டு வந்தது. மைக் இல்லாத வெறும் தொண்டைகள், ஆளுக்கொரு சுருதி. பாட்டு நெருங்கிக்கொண்டே வந்தது. பெட்டி கோயிலை விட்டு வெளிக்கிட்டுவிட்டது. அடக்கம் செய்யும் சேமக்காலைக்குப் போகிற பாதை மில் கேற்றைத் தாண்டித்தான் போகிறது.

"போங்க மகள், ஓடுங்க" என்றார் பாத்தும்மா. "மண் போடோணுமே. நான் பாக்கிறன்."

நிறஞ்சலா தலையாட்டினாள், மாட்டேன் என்று. கடகத்தைக் கீழே வைக்கவில்லை.

"இந்த உமி உங்களுக்குச் சரிவராது அன்ரி. நீங்கள் போங்கோ. எனக்குப் பதிலா அந்தக் கேற்றடியில நில்லுங்கோ."

பாத்தும்மா அவளையே பார்த்தார். தலையில் இருந்த உமியைத் தட்டினார். முக்காட்டை எடுத்து இழுத்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

தகர இடைவெளியால் கேற்றடி தெரிந்தது. முதலில் சிலுவை வந்தது, பிறகு சுவாமி, பிறகு வார்னிஷ் இல்லாத பெட்டி. முன்பக்கத்தில் மில்ரனின் தோள். றோசம்மா மாமி பெட்டிக்குப் பின்னால் வந்தார். கேற்றடியில் தனியே நின்ற பாத்தும்மாவைக் கண்டதும் மாமியின் நடை நின்றது. பெட்டி தூக்கியவர்களும் நின்றார்கள். பாத்தும்மா இரண்டடி முன்னால் வந்து, பெட்டியின் பலகையில் கையை வைத்து, எடுத்துக்கொண்டார்.

கொட்டிலுக்குள் நிறஞ்சலா அடுத்த கடகத்துக்கு உமியை அள்ளினாள். உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்தாள், காய்ந்திருக்கிறதா என்று.